பட்டாசு திங்கிற ஊரு

போன வாரம் நம்ம பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்புல ஒரு மகராசன் எழுதியிருந்தான். நம்ம ஒன்பதாவது படிக்கயில இங்கிலாந்துல இருந்து சாக்லேட்டு பார்சல் வந்துச்சாம், பெரிய சாரு, அதான் நம்ம ஹெட்மாஸ்டரு, அம்புட்டையும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாராம். அதுக்குக் கீழ பதினாலு பேரு கைதட்டுற பொம்மை வேற போட்டுருக்கீக. சாக்லேட்டா? எவன் சொன்னான்? நான் அந்த ஊரு போஸ்ட்மாஸ்டர் மக. பார்சல் சங்கதியில மட்டும் என்கிட்ட யாரும் கதை விடக்கூடாது. வந்தது சாக்லேட்டும் இல்ல, பெரிய சாரு அதைத் திங்கவும் இல்ல. அந்தப் பார்சலுக்கு நம்ம ஊர்ல நடந்த மரியாதையே வேற.

குரூப்புல எழுதுனா நடுவுல நடுவுல குட்மார்னிங் ரோசாப்பூ வந்து விழும். அதான் தனியா உக்காந்து எழுதுறேன். நாப்பதுக்கு முன்னாலயே வெள்ளெழுத்து வந்து கண்ணாடி போட்டுத்தான் எழுதுறேன். சிரிக்காதீக, நீங்க போடுற போட்டோவையும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், பாதி ஆம்பளைகளுக்கு மண்டையில முடியில்ல. எழுதலாமான்னு என் சேக்காளிகிட்டக் கேட்டேன், ஏன்னா இது அவ கதை. "எழுது, பேரு மட்டும் போடாத"ன்னா. அவ பேரு போடலைன்னா மத்தவுக பேரு எதுக்கு? யாரு பேரும் போடல. உங்களுக்கு ஆளு தெரியும்.

அந்த வருசம் பள்ளிக்கூடம் திறந்தப்ப பழைய லேப் ரூம்ல ஒரு கம்ப்யூட்டர் உக்காந்திருந்துச்சு. இங்கிலீஷ் டீச்சரோட பழைய சுங்குடிச் சேலையைக் கிழிச்சுத் தச்ச உறை அதுக்கு. செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுத்தான் உள்ள போகணும். புது பிளாஸ்டிக் வாசமும், பக்கத்துல வேகுற சத்துணவு சாம்பார் வாசமும் ஒண்ணாக் கலந்து அடிக்கும். எனக்கு இன்னைக்கும் கம்ப்யூட்டர்னா சாம்பார் வாசம்தான். கோலிக்குண்டு மாதிரி ஒரு கேமராவை அது தலையில கிளிப்புப் போட்டு மாட்டியிருந்தாக. அது நம்மளைப் பாக்குதா, சுவத்தைப் பாக்குதான்னே தெரியாது.

ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் செஞ்ச ஏற்பாடு அது. இங்கிலாந்துல ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக கூட நம்ம வியாழக்கிழமை வியாழக்கிழமை பேசணும். பேசிப் பேசி நமக்கு இங்கிலீஷ் வந்துரணும், நம்ம பழக்கவழக்கத்தை அவுக தெரிஞ்சுக்கிடணும். நமக்குச் சாப்பாட்டு மணி முடிஞ்சு ரெண்டு மணி, அவுகளுக்கு அப்பத்தான் காலைப் பாடம். செப்டம்பர்ல ஆரம்பிச்சது, தீபாவளிக்கு முந்துன வாரத்தோட முடிஞ்சுபோச்சு. ஏன் முடிஞ்சதுன்னுதான் சொல்ல வாரேன்.

இங்கிலீஷ் டீச்சர் விருதுநகர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வருவாக. பஸ் வாடை ஆகாது, கையில எப்பவும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். இலக்கணத்துல புலி. ஆனா வெள்ளைக்காரப் பிள்ளைக வாயைத் திறந்தா டீச்சருக்கு வேர்த்து ஊத்தும். அவுகளுக்கு இங்கிலீஷ் கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. அதுக்காக அவுகளைக் குத்தஞ்சொல்லல. அவுக படிச்ச காலத்துல யாரு அவுககிட்ட இங்கிலீஷ்ல பேசியிருக்கப் போறா?

கேமரா முன்னால நாலு பேருதான் உக்காரலாம். கையெழுத்து நல்லாருக்கும், சட்டை தேச்சிருக்கும்னு என்னைய முன்னால உக்கார வச்சாக. என் சேக்காளியைப் பின் வரிசைக்குத் தள்ளிட்டாக. காரணம் அவ கை. ஞாயித்துக்கிழமை அவுக அம்மா கூட பட்டாசுக் கம்பெனிக்குப் போவா, சாயங்காலம் வீட்ல உக்காந்து சரவெடி பின்னுவா. அலுமினியத் தூளு நகக்கண்ணுல ஏறி, பத்து விரலும் வெள்ளியா மின்னும். சோப்புப் போட்டாலும் போகாது, சீயக்காய் போட்டாலும் போகாது. "கையைக் கழுவிட்டு வா"ன்னு டீச்சர் மூணு தடவை அனுப்பினாக, மூணு தடவையும் கழுவிட்டு வந்தா, அப்புறம் பின்னாலயே நின்னுக்கிட்டா.

ஆனா இங்கிலீஷ்ல அவ அளவுக்கு ஆசை உள்ளவ நம்ம வகுப்புல கிடையாது. நம்ம எல்லாம் புத்தகத்துல படிச்சோம், அவ பட்டாசு டப்பாவுல படிச்சா. டப்பாவுக்குப் பின்னால சின்ன எழுத்துல போட்டிருக்கும்ல, "லைட் தி ஃபியூஸ் அண்ட் ரிட்டயர் இம்மீடியட்லி"ன்னு, அதை மூச்சு விடாமச் சொல்லுவா. திரியைப் பத்த வச்சதும் ஓடிருன்னு அர்த்தம். கணக்கு சாரு பிரம்பை எடுத்தா என் காதுல வந்து, "ரிட்டயர் இம்மீடியட்லி"ம்பா. எனக்குச் சிரிப்பு வந்து நான் அடி வாங்குவேன்.

ஆவணியில அவுக அக்காவுக்குக் கல்யாணம் ஆகி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போயிட்டாக. கம்பெனி வேன்ல அக்கா உக்காந்த இடம் காலி. அந்த இடத்துக்கு இவளைப் போடச் சொல்லி அவுக அம்மா போர்மேன்கிட்டச் சொல்லி வச்சாச்சு. தீபாவளி சீசன் முடிஞ்சு, லீவு விட்டு, மறுபடி கம்பெனி திறக்கிற அன்னைக்கு இவ வேன்ல ஏறணும். அதோட படிப்பு சரி. சேமியா ஐஸ் தின்னுக்கிட்டே இதை என்கிட்டச் சொன்னா.

"நீ என்னடி சொன்ன?"ன்னு கேட்டேன்.

"நான் என்ன சொல்ல? என்னைய யாரு கேட்டா?"

"படிக்கணும்னு சொல்ல வேண்டியதுதான?"

"எங்க அம்மா ஒத்தையில போகும்லடி"ன்னுட்டு ஐஸ் குச்சியைச் சப்பிக்கிட்டு நின்னா. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு, அவளுக்கு வரல.

மொத வியாழக்கிழமை நினைப்பிருக்கா? திரையில பத்துப் பதினஞ்சு செம்பட்டை மண்டைக. முன்னால ஒரு பிள்ளை, பல்லுல கம்பி கட்டியிருந்தா. உங்க அப்பா அம்மா என்ன வேலை பாக்குறாகன்னு கேட்டா. முன் வரிசையில நம்ம ஒப்பிச்சோம், மை ஃபாதர் இஸ் எ போஸ்ட்மாஸ்டர், மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர். அதுக்கு மேல பேச ஆளில்ல. அப்பத்தான் பின்னால இருந்து ஒரு சத்தம்.

"மை மதர் மேக்கிங் கிராக்கர்ஸ்! சண்டே மீ ஆல்சோ மேக்கிங்!"

நமக்கு கிராக்கர்ஸ்னா பட்டாசு. டப்பாவுல, கம்பெனி போர்டுல, லாரி லோடு சீட்டுல எல்லாத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கும். அவுக ஊர்ல கிராக்கர்ஸ்னா ஒரு உப்பு பிஸ்கட்டாம். அது நமக்கும் தெரியாது, டீச்சருக்கும் தெரியாது. நமக்குத் தெரியாதுங்கிறது அவுகளுக்கும் தெரியாது.

"வி லவ் கிராக்கர்ஸ்!"னு அந்தப் பக்கம் ஒரே குதியாட்டம். பல்லுக்கம்பிப் பிள்ளை கேட்டா, "வாட் ஃபிளேவர்?" என்ன ருசின்னு கேட்டிருக்கா. டீச்சர் காதுல ஃபிளவர்னு விழுந்துச்சு. "என்ன பூவுன்னு கேக்காக, பூச்சட்டியைத்தான் கேக்காக போல, சொல்லுங்க"ன்னாக. நம்ம நாப்பது பேரும் கத்தினோம், "ஃபிளவர் பாட்!" புஸ்வாணத்துக்கு டப்பாவுல போட்டிருக்கிற பேரு அது. அவுகளும் எழுதிக்கிட்டாக. உள்ள என்ன வைப்பீகன்னு அடுத்த கேள்வி. என் சேக்காளி யோசிச்சா. பட்டாசுக்குள்ள மருந்துதான வைப்பாக? "மெடிசின்!"ன்னா. அவுக டீச்சரம்மா கண்ணை விரிச்சு, "ஹவ் ஹெல்தி!"ன்னாக. உடம்புக்கு நல்லதாம்!

கடைசியா அந்தப் பிள்ளை, "வி ஈட் தெம் வித் சீஸ்"ன்னா. நாப்பது பேரும் டீச்சரைத் திரும்பிப் பாத்தோம். திங்கிறாகளா? டீச்சர் எலுமிச்சம்பழத்தை ஒரு மோந்து மோந்துட்டு, "ஈட் இல்லப்பா, ஹீட். அவுகளும் நம்மள மாதிரி வெயில்ல காய வைக்காக"ன்னு சமாளிச்சாக. பின்னால ஒருத்தன், "டீச்சர், சீஸ்னா என்ன?"ன்னான். அகராதியைப் புரட்டிப் பாத்துட்டு, பாலாடைக்கட்டின்னாக. பாலாடைக்கட்டியைப் போட்டு எவன் பட்டாசு காய வைப்பான்? நம்ம யாரும் டீச்சரை நம்பல.

சாயங்காலத்துக்குள்ள சேதி தாயில்பட்டி வரைக்கும் போயிருச்சு, வெள்ளைக்காரன் பட்டாசு திங்கிறான்னு. பட்டாசைத் தின்னுட்டுத்தான் நம்மளை இம்புட்டுக் காலம் ஆண்டிருக்கான்னு டீக்கடையில ஒருத்தர் தீர்ப்பே சொல்லிட்டாரு. என் சேக்காளியோட அம்மா மட்டும் வேன்ல இருந்து இறங்கி நின்னு விழுந்து விழுந்து சிரிச்சாக. "திங்கட்டும் திங்கட்டும். எங்க சரக்கை மட்டும் தின்ன வேண்டாம்னு சொல்லுங்கடி. எங்க போர்மேன் மருந்தைக் கூட்டிப் போடுற ஆளு, வயிறு தாங்காது." எனக்கு அவுகளை ரொம்பப் பிடிக்கும். எங்க அம்மாவுக்குக் கோவம் வரும், அவுகளுக்குச் சிரிப்பு வரும்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் பல்லுக்கம்பிப் பிள்ளை கேக்குறது அவளைத்தான். "வேர் இஸ் தி கிராக்கர் கேர்ள்?"ம்பா. டீச்சர் வேற வழியில்லாம அவளை முன்னால கூப்பிடுவாக, கையை மட்டும் டெஸ்குக்கு அடியில வச்சுக்கிடச் சொல்லி. "யுவர் டீத், வொய் வயர்? கரண்ட் கம்மிங்?"னு இவ கேக்க, அந்தப் பிள்ளை கம்பி தெரியச் சிரிச்சா பாருங்க! இலக்கணம் இல்ல, ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டும் பேசிக்கிட்டே இருக்கும். எனக்குப் பொறாமையா இருந்துச்சு. சரியா எழுதுறவ நான், சிரிக்கிறது அவ கூடயா? உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

ஒரு வாரம் அந்தப் பிள்ளை, உங்க அம்மா பேக்கராங்கிற மாதிரி ஏதோ கேட்டா. ரொட்டி சுடுற பேக்கர். நமக்குத் தெரிஞ்ச பேக்கர், சரக்கை டப்பாவுல அடுக்கி பேக்கிங் போடுறவுக. "யெஸ், யெஸ், குட் பேக்கர்!"னு இவ பெருமையாச் சொன்னா. அப்ப அவுகளை நாங்க பாக்கணும், கூட்டிட்டு வான்னு அவுக டீச்சரம்மாவே சொல்லிட்டாக. தீபாவளிக்கு முந்துன வியாழக்கிழமைன்னு நாள் குறிச்சாச்சு. நாங்க செஞ்ச கிராக்கர்ஸும் பார்சல்ல வந்துக்கிட்டு இருக்குன்னும் சொன்னாக.

இப்பப் பார்சலுக்கு வாரேன். சிவகாசித் தபால் மூட்டையில அது வந்து இறங்குன அன்னைக்கு எங்க அப்பா கண்ணாடியைப் போட்டு மேல ஒட்டியிருந்த பச்சைச் சீட்டைப் படிச்சாக. உள்ள இருக்கிற பொருள்னு போட்ட இடத்துல பேனாவால எழுதியிருக்கு, கிராக்கர்ஸ். அப்பா அதை ரெண்டு கையாலயும் மெதுவா, ரொம்ப மெதுவா, தரையில இறக்கி வச்சாக. தபால்ல பட்டாசு அனுப்பக்கூடாதுன்னு சுவத்துல அவுக கையால ஒட்டுன சட்டம். என்னையும் அம்மாவையும் ஆட்டுக்குட்டியையும் வெளிய அனுப்பிட்டு போர்மேனுக்கு ஆளு விட்டாக.

போர்மேன் அண்ணாச்சி மொபெட்ல வந்தாரு. பார்சல்ல காதை வச்சுக் கேட்டாரு. ரெண்டு விரலால தூக்கி எடை பாத்தாரு.

"ஃபாரின் சரக்கு. லேசா இருக்கு பாத்தீகளா? ஃபேன்சி ரகம். இதை நம்பி வீட்ல வைக்கக்கூடாது."

"என்ன செய்ய அண்ணாச்சி?"

"தண்ணியில போடுங்க. ஒரு நாள் முழுக்க ஊறட்டும்."

எங்க வீட்டுச் சிமிண்டுத் தொட்டியில முக்கி, மேல ஒரு கல்லைத் தூக்கி வச்சாக. மறுநாள் தெருவே கூடிருச்சு. அட்டைப்பெட்டியை அண்ணாச்சி ஒரு குச்சியால பிரிச்சாரு. உள்ள கஞ்சி. வெள்ளையா, கொழகொழன்னு. மோந்து பாத்தாரு. "கந்தகமே போடல, என்ன கம்பெனிடா இது"ன்னாரு. என் சேக்காளி கூட்டத்துக்குள்ள புகுந்து வந்து ஒரு விரலை முக்கி நாக்குல வச்சா. அவுக அம்மா, "ஏ புள்ள!"ன்னு அலறிட்டாக.

"எம்மா, பிஸ்கட்டும்மா! உப்பு பிஸ்கட்டு!"

பிளாஸ்டிக் கவர்ல போட்ட கடிதம் மட்டும் நனையல. எங்க கையால சுட்டது, பாலாடைக்கட்டியோட சாப்பிடுங்கன்னு எழுதியிருந்துச்சு. டீச்சர் அதைப் படிச்சுட்டு அப்படியே நாற்காலியில உக்காந்துட்டாக. மிச்சக் கஞ்சியைக் கோழிக தின்னுச்சு. வெள்ளிக் காகிதத்துல தனியாச் சுத்துன ஒரு பாக்கெட்டு தப்பிச்சுச்சு, அதைத்தான் நாப்பது பேரும் பிச்சுத் தின்னோம். என் பங்கு கால் பிஸ்கட்டு. ஒரு ருசியும் இல்ல. எங்க அப்பாவைப் பல வருசம் "பிஸ்கட்டை ஊற வச்ச போஸ்ட்மாஸ்டர்"ன்னுதான் ஊர்ல கேலி பேசினாக. எனக்கு அப்ப அவமானமா இருந்துச்சு. இப்ப இல்ல. நம்ம ஊர்ல சந்தேகம் வந்தாத் தண்ணியில போடுற ஆளாலதான் நாலு பேரு உசுரோட இருக்காக.

ஆனா பெரிய சாருக்குச் சிரிப்பு வரல. அவரு என்னையும் என் சேக்காளியையும் டீச்சரையும் ரூமுக்குக் கூப்பிட்டாரு.

"பட்டாசுன்னு அவுகளுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? அதுல இந்தப் புள்ள நானும் செய்றேன்னு வேற சொல்லி வச்சிருக்கு. நாளைக்கே சூலக்கரைக் கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஜீப் வரும். ஸ்கூல் பேரு நாறும். கம்ப்யூட்டரையும் தூக்கிட்டுப் போயிருவாக."

"அப்ப என்ன சார் சொல்ல?"ன்னு டீச்சர் கேட்டாக.

"பிஸ்கட்டுன்னே இருந்துட்டுப் போகட்டும். இவ அம்மா வரட்டும், சிரிச்சுட்டுப் போகட்டும். அவுகளுக்கு இங்கிலீஷா தெரியப் போகுது?" என்னையப் பாத்தாரு. "நீ பக்கத்துல உக்காந்து எடுத்துச் சொல்லு. அவ பேச வேண்டாம்."

நான் "சரி சார்"ன்னேன். என் சேக்காளி தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. பெரிய சாரு கெட்டவரு இல்ல, அந்தக் கம்ப்யூட்டருக்கு அவரு எத்தனை ஆபீஸ் படி ஏறி இறங்கினாருன்னு எங்க அப்பா சொல்லிருக்காக. ஆனா அன்னைக்கு அந்த ரூம்ல அவளைத் தவிர இருந்த மூணு பேருக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் காப்பாத்தணும்னுதான் இருந்துச்சே தவிர, அந்தப் பிள்ளை இன்னும் எத்தனை நாள் பள்ளிக்கூடம் வருவான்னு ஒருத்தரும் நினைக்கல. அந்த மூணு பேருல நானும் ஒருத்தி.

வியாழக்கிழமை வந்துச்சு. சீசன் உச்சத்துல அரைநாள் லீவு கேட்டு, போர்மேன்கிட்ட ஏச்சு வாங்கிட்டு, அவுக அம்மா வந்தாக. மூத்தவ கல்யாணத்துக்கு எடுத்த சேலை, தலை நிறையக் கனகாம்பரம். மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சும் கை வெள்ளியாத்தான் இருந்துச்சு. கேமரா முன்னால உக்காந்து, "எங்கன பாத்துப் பேசணும்?"னு என்கிட்டக் கேட்டாக. அந்தக் கோலிக்குண்டைக் காட்டினேன். அதுக்கு ஒரு கும்பிடு போட்டாக.

"நான் என்ன வேலை பாக்கேன்னு சொல்லும்மா. சரம் பின்னுறதுல எங்க யூனிட்ல என்னைய அடிக்க ஆளில்லன்னு சொல்லு."

நான் சொன்னேன்: "ஷி மேக்ஸ் பிஸ்கட்ஸ்."

அவுகளுக்கு அது போதல. இடுப்புல செருகியிருந்த மஞ்சப்பையில இருந்து ஒரு முழச் சரத்தை எடுத்தாக. மருந்து ஏத்தாத வெத்துச் சரம், காட்டுறதுக்குன்னே பின்னிக் கொண்டு வந்திருக்காக. செக்கச்செவேல்னு அதைக் கேமராவுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, எப்படிப் பின்னுறதுன்னு விரலை ஆட்டி ஆட்டிக் காட்டினாக. அந்தப் பக்கம் பிள்ளைக ஒண்ணை ஒண்ணு பாத்துக்கிடுச்சுக. இது என்னன்னு பல்லுக்கம்பிப் பிள்ளை கேட்டா. பெரிய சாரு கதவுக்கிட்ட நின்னு, சொல்லிராதன்னு கையை ஆட்டுறாரு.

"லாங் பிஸ்கட்"ன்னேன்.

சிரிச்சீகள்ல, அன்னைக்கும் நீங்க சிரிச்சீக. அவுக அம்மாவும் சேந்து சிரிச்சாக, தன் வேலையைத்தான் மெச்சுறாகன்னு நினைச்சுக்கிட்டு. மகளைத் திரும்பிப் பாத்து, "எல்லாஞ் சொல்லிட்டாளாடி? சரம்னு சொல்லிட்டாளா?"ன்னு கேட்டாக. முகத்துல அம்புட்டுப் பெருமை. என் சேக்காளியால ஆமான்னு சொல்ல முடியல. பின் வரிசையில இருந்து பெஞ்சைத் தாண்டி வந்தா. என்னைய ஒரு தள்ளு தள்ளுனா, நான் தரையில போய் விழுந்தேன். டெஸ்குக்கு அடியில வைக்கச் சொன்ன கையை ரெண்டையும் கேமராவுக்கு நேரா விரிச்சா.

"நாட் பிஸ்கட்! ஃபயர்! லைட் தி ஃபியூஸ் அண்ட் ரிட்டயர் இம்மீடியட்லி! டமால்! தீபாவளி! மை மதர் நம்பர் ஒன்!"

கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அவுகளுக்கு விளங்குச்சு. "ஃபயர்வொர்க்ஸ்!"னு கத்தினாக. பட்டாசுக்கு அவுக பாஷையில அதுதான் பேராம். அவுக டீச்சரம்மா முகம் மாறிப்போச்சு. உனக்கு என்ன வயசுன்னு கேட்டாக.

"ஃபோர்ட்டீன். ஆஃப்டர் தீபாவளி நோ ஸ்கூல். ஒன்லி கம்பெனி. மை சிஸ்டர் சீட்."

அப்ப அந்தப் பல்லுக்கம்பிப் பிள்ளை கேமராவுக்குக் கிட்ட வந்து, சின்னதா ஒரு கேள்வி கேட்டா. "டு யு வான்ட் டு?"

இவளுக்குப் பிடிபடல. தரையில கிடந்த என்னையப் பாத்து, "என்னடி கேக்கா?"ன்னா.

எனக்குப் பிடிபட்டுச்சு. பெரிய சாரையும் பாத்தேன், டீச்சரையும் பாத்தேன். பொய்க்கு மேல பொய் சொல்ல என்னால ஆகல. "உனக்குப் போக இஷ்டமான்னு கேக்கா"ன்னேன்.

தமிழ்ல சொன்னதால அவுக அம்மா காதுலயும் அது விழுந்துச்சு. சிரிப்பு நின்னுபோச்சு. மகளையே பாத்துக்கிட்டு இருந்தாக. இவ அம்மாவைப் பாத்தா, ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் முகத்தைத் திரையோட பக்கம் திருப்பிக்கிட்டா.

"நோ"ன்னா.

தமிழ்ல அவளால அதைச் சொல்லியிருக்கவே முடியாதுங்க. எங்க அம்மா ஒத்தையில போகும்னு நினைக்கிற பிள்ளை அது. இங்கிலீஷ்ல சொல்லயில யாருக்கோ சொல்ற மாதிரி இருந்துச்சு, சொல்லிட்டா. அந்த ரெண்டு மாசத்துல நம்ம எல்லாரும் படிச்ச இங்கிலீஷைச் சேத்து வச்சாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாகாது.

பெரிய சாரு சுவிட்சை அணைச்சுட்டாரு. அவுக அம்மா மெதுவா எந்திரிச்சு, சரத்தை மடிச்சுப் பையில வச்சு, "லோடு ஏத்துற நேரம், போகணும்"னுட்டு யாரையும் பாக்காமப் போயிட்டாக. டீச்சர் அழுதாக. அதுக்கப்புறம் வியாழக்கிழமை பேச்சே கிடையாது. ஜீப்பும் வரல, கம்ப்யூட்டரையும் யாரும் தூக்கல, அது உறையைப் போட்டபடியே கிடந்துச்சு. பல்லுக்கம்பிப் பிள்ளையை நம்ம மறுபடி பாக்கல. பார்சல்ல இருந்த ராணி தலைத் தபால்தலையை அப்பாவுக்குத் தெரியாம உரிச்சு வச்சிருந்தேன், அதையும் ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்கயில தொலைச்சுட்டேன். இன்னைக்கு அவுக ஊருல அவ நாப்பதைத் தொடப் போற பொம்பளையா இருப்பா, தான் கேட்டது என்ன கேள்வின்னு அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ.

தீபாவளி போச்சு. என் சேக்காளி என்னோட பேசல. நானும் வாயைத் திறக்கல, என்ன முகத்தோட பேச? பள்ளிக்கூடத்துக்கு வந்தா, பக்கத்துல உக்காந்தா, பாடத்தை எழுதுனா. ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது, வீட்ல அம்மா ஒண்ணும் சொல்லலையாம், அக்கா வந்து கேட்டதுக்கும் ஒண்ணும் சொல்லலையாம். எந்த நாளு வேன் வருமோன்னு நான்தான் தெனமும் பயந்து செத்தேன்.

கார்த்திகை கழிஞ்சு ஒரு திங்கக்கிழமை கம்பெனி திறந்துச்சு. வேன் நிக்கிறது எங்க தபாலாபீசுக்கு எதுத்தாப்புல. நான் வாயில பல்பொடியோட வாசல்ல நின்னேன். போர்மேன் அண்ணாச்சி நோட்டை வச்சுப் பேரு வாசிச்சு ஆளை ஏத்திக்கிட்டு இருந்தாரு. அவுக அம்மா தூக்குவாளியோட வந்தாக, ஒத்தையா.

"புள்ளைய எங்க?"ன்னாரு.

"வரல அண்ணாச்சி. பேரை அடிச்சிருங்க."

"இதென்ன கூத்து! நீங்கதான பேரைக் குடுத்தீக? சின்னப் புள்ள வரமாட்டேன்னா, நீங்க ரெண்டு அதட்டு அதட்டக் கூடாதா?"

அவுக வேன் படியில ஒரு காலை வச்சுக்கிட்டு நின்னாக. முகத்துல அந்தப் பழைய சிரிப்பு.

"தமிழ்ல சொல்லியிருந்தா அதட்டியிருப்பேன் அண்ணாச்சி. அவ இங்கிலீஷ்லல்ல சொல்லிட்டா, நான் எப்படி அதட்ட?"ன்னுட்டு ஏறி உக்காந்தாக.